சந்தனமா, கோரைப்பாயா? ஒரே மாதிரி தெரியும் இரண்டு பீஜ் நிறங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

பெங்களூரில் நாங்கள் முதலில் குடியேறியது லிங்கராஜபுரத்தில் ஒரு பழைய வீட்டில். ஹாலுக்கு நிறம் தேர்ந்தெடுக்க எனக்குப் பத்து நிமிடம்தான் ஆனது. கடையில் ஷேட் கார்டை விரித்தார்கள். அடுத்தடுத்த கட்டத்தில் இரண்டு பீஜ். உற்றுப் பார்த்தும் வித்தியாசம் பிடிபடவில்லை. எதுவானால் என்ன என்று மேலே இருந்ததன் நம்பரைச் சொல்லிவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து, இரண்டு கோட்டும் காய்ந்த பிறகு பார்த்தால் ஹால் முழுக்க இளஞ்சிவப்பு. கார்டில் பார்த்த சந்தன நிறம் எந்தச் சுவரிலும் இல்லை. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த மூன்று வருடமும், சாயங்காலம் கதவைத் திறக்கும்போதெல்லாம் அது எனக்கு உறுத்தியது.

பெயின்ட்டில் குறை இல்லை. அந்த வீட்டுத் தரை பழைய ரெட் ஆக்சைடு, அதாவது சிவப்புச் சாயம் கலந்த சிமென்ட் தரை. ஜன்னல் வழியே விழுந்த வெயில் அந்தத் தரையில் பட்டு, சிவப்பையும் சேர்த்துக்கொண்டு சுவரில் ஏறியது. நான் எடுத்த பீஜுக்குள்ளும் கொஞ்சம் சிவப்பு இருந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டன. பக்கத்துக் கட்டத்தில் இருந்த இன்னொன்றை எடுத்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அதற்கப்புறம் நாங்களே மூன்று வீடு மாறிவிட்டோம். தம்பி வீடு, ஆபீஸ் நண்பர்கள் வீடு என்று நிறையப் பேருக்கு இந்தத் தேர்வில் கூட நின்றிருக்கிறேன். "இரண்டில் எது நல்லா இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்குப் பதில் கிடையாது. அறையில் உங்களால் மாற்ற முடியாதவை என்று சில இருக்கின்றன: தரை, கதவு, ஜன்னல் பார்த்த திசை, எதிரே நிற்கும் சுவர். அவற்றோடு இரண்டில் எது ஒத்துப்போகிறது என்று கேட்டால் பதில் வந்துவிடும். கீழே உள்ளது முழுவதும் அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிதான்.

முதலில் ஓனரிடம் ஒரு வார்த்தை

வாடகை வீடு என்றால் இதை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். காலி செய்யும்போது பெயின்ட்டுக்காக ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது பெங்களூரில் பரவலான வழக்கம். ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். நீங்களே உங்கள் செலவில் அடிக்கப்போகிறீர்கள் என்றால், நிறத்துக்கு ஓனரின் சம்மதத்தையும், அந்தப் பிடித்தம் உண்டா இல்லையா என்பதையும் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பீஜ் என்றால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

பீஜுக்குள் ஒளிந்திருக்கும் நிறம்

பீஜ் என்பது பிரெஞ்சுச் சொல். சாயம் போடாத கம்பளியின் இயல்பான நிறத்துக்கு அந்தப் பெயர். நம் கடைகளில் கிரீம் கலர், பிஸ்கட் கலர், சந்தனக் கலர் என்று பல பெயரில் விற்பது எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கடையில் மிஷினில் கலக்கும்போது நின்று பாருங்கள். டப்பாவில் இருப்பது வெள்ளை பேஸ். அதில் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு என்று சில சாயங்கள் சொட்டுச் சொட்டாக விழும். பெரும்பாலான பீஜ் நிறங்கள் இந்தச் சில சாயங்களின் விளையாட்டுதான். சிவப்பு கொஞ்சம் கூடினால் நிறம் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும். சிவப்பு குறைந்து மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் பச்சைப் பக்கம் போகும். மஞ்சளும் கறுப்பும் சேர்ந்தால் பச்சை தட்டும் என்பதைப் பள்ளியில் வாட்டர் கலர் பூசியவர்கள் பார்த்திருப்பார்கள். கார்டில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பீஜுக்கு நடுவில் உள்ள வித்தியாசம் அந்தச் சில சொட்டுகள்தான். அதைத்தான் அடிச்சாயல் என்கிறேன். சுவர் முழுக்கப் பரவும்போது அது வெளியே வந்துவிடும்.

நான் அடிச்சாயலை வீட்டுப் பொருட்களின் பெயரால் பிரித்து வைத்துக்கொள்கிறேன். மஞ்சள் தட்டினால் சந்தனம். பச்சை தட்டினால் புதுக் கோரைப்பாய். இளஞ்சிவப்பு தட்டினால் சின்ன வெங்காயத்தின் உள்தோல். சாம்பல் தட்டினால் விபூதி. கம்பெனி வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர்கள் எதையும் சொல்லித் தராது. இப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் வீட்டில் பேசிக்கொள்ளவும் சுலபம்.

சரி, உங்கள் கையில் இருக்கும் இரண்டும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெள்ளை ஏ4 தாள் ஒன்றை எடுங்கள். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாத இடத்தில் நின்று, ஒரு நிறத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். பிறகு அதை எடுத்துவிட்டு அடுத்ததை வையுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் சாயல் சட்டென்று தெரியும். இன்னும் குழப்பமாக இருந்தால் கார்டில் அதே வரிசையில் ஆக அடர்த்தியான கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே அந்த வரிசையின் குணம் வெளிப்படையாக இருக்கும். அடியில் இருப்பது செங்கல் பழுப்பு என்றால் மேலே இருப்பதிலும் சிவப்பு உண்டு.

அறையில் மாற்ற முடியாதவற்றை எழுதுங்கள்

ஒரு தாளில் எழுதுங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனதில் நினைத்தால் சோபா, திரை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். அவை அடுத்த தீபாவளிக்கு மாறும். தரையும் கதவும் மாறாது.

தரைதான் முதலில். புது அப்பார்ட்மென்ட்களில் தந்த நிறத்து விட்ரிஃபைட் டைல்ஸ் அதிகம். அதுவே மஞ்சள் தட்டும். அதன்மேல் சந்தனப் பீஜ் போட்டால் அறை முழுக்க மஞ்சளில் முங்கியது போல் ஆகிவிடும். அங்கே சாம்பல் தட்டும் பீஜ் நன்றாக நிற்கும். பழைய வீடுகளின் சிவப்புத் தரைக்கு, என் அனுபவத்தில், பச்சைப் பக்கம் சாயும் கோரைப்பாய் பீஜ்தான் சரி. தரை வீசும் சிவப்பை அது தணித்துவிடும். சாம்பல் கிரானைட் தரைக்குச் சந்தனம் கொஞ்சம் இளஞ்சூடு தரும். தேக்குக் கதவு, நிலை இருந்தால் வெங்காயத்தோல் பீஜ் அதோடு சேராமல் தனித்து நிற்கும். அது எனக்குப் பிடிப்பதில்லை.

அடுத்தது ஜன்னலுக்கு வெளியே. பெங்களூரில் இதை மறக்கவே கூடாது. 30க்கு 40, 20க்கு 30 என்று மனை பிரித்த ஏரியாக்களில் பக்கத்து வீட்டுச் சுவர் பல நேரம் கை நீட்டினால் தொடும் தூரம். அந்தச் சுவர் ஆரஞ்சாக இருந்தால் உங்கள் அறைக்கு வரும் வெளிச்சமும் கொஞ்சம் ஆரஞ்சு. வாசலில் தூங்குமூஞ்சி மரம் நின்றால் வெளிச்சம் பச்சையைக் கொண்டுவரும். அந்த அறைக்குக் கோரைப்பாய் வேண்டாம். பச்சைமேல் பச்சை சேர்ந்து முகமெல்லாம் சோர்ந்து தெரியும்.

திசையும் வெளிச்சமும்

வெளிநாட்டுக் கட்டுரைகளில் "வடக்கு ஜன்னல் அறைக்கு நேர் வெயில் வராது, வெளிச்சம் நீலம் தட்டும், அதனால் மஞ்சள் பக்கம் சாயும் நிறம் போடு" என்று எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு அது பாதிதான் பொருந்தும். பெங்களூர் பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நிழலில்லா நாள் என்பது அதுதான். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் சூரியன் நாள் முழுக்க வடக்குப் பக்கமாகவே போகும். அப்போது காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலுக்குள் சாய்வாக வெயில் விழும். தெற்கு ஜன்னலுக்கு நேர் வெயிலே இருக்காது. டிசம்பரில் அப்படியே தலைகீழ். டெல்லியில் நண்பகல் சூரியன் எந்த மாதமும் உச்சிக்கு வடக்கே போவதில்லை. டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள் அங்கே கற்ற கணக்கை இங்கே அப்படியே போடக் கூடாது.

இதனால் வேலைக்கு என்ன பயன்? மே மாதத்தில் சோதித்துப் பார்த்து முடிவு செய்தால், டிசம்பரில் அந்த அறைக்கு வேறு வெளிச்சம் வரும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் கவிந்த நாட்கள் அதிகம். மேகம் வழியே வரும் வெளிச்சம் குளிர்ச்சியாக இருக்கும். சாம்பல் தட்டும் பீஜ் அந்த நாட்களில் சிமென்ட் பூச்சு போலத் தெரியலாம். கிழக்கு அறைக்குக் காலையிலும் மேற்கு அறைக்கு மாலையிலும் மஞ்சள் வெயில் தானாகவே வந்துவிடும். அங்கே பெயின்ட்டிலும் மஞ்சள் வேண்டியதில்லை.

அப்புறம், நீங்கள் அந்த அறையில் எப்போது இருப்பீர்கள் என்று யோசியுங்கள். காலை எட்டரைக்குக் கிளம்பி இரவு எட்டு மணிக்குத் திரும்பும் வீட்டில், ஹால் சுவரைப் பார்ப்பது பெரும்பாலும் பல்பு வெளிச்சத்தில்தான். பல்பு வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். நம் வீடுகளில் அதிகம் எரிவது 6500 கெல்வின் எல்இடி. டப்பாவில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும். அந்த வெள்ளையில் நீலம் இருக்கிறது. சந்தனம் அதில் வெளிறிவிடும், வெங்காயத்தோல் லேசாக ஊதா காட்டும். 3000 கெல்வின் வார்ம் பல்பில் எல்லாப் பீஜும் மஞ்சளாகும். நடுவில் 4000 கெல்வின் கிடைக்கிறது. ஹாலுக்கு அதையே சொல்வேன். எதுவானாலும் பல்பை முதலில் முடிவு செய்து மாட்டிவிட்டு, பிறகு நிறத்தைப் பாருங்கள். பகலில் ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு நிறம் பல்பு வெளிச்சத்தில் பிரிந்து தெரிவது உண்டு. கலந்திருக்கும் சாயங்கள் வேறு வேறு என்பதால் அப்படி நடக்கிறது.

அட்டையில் அடித்துப் பாருங்கள்

இதுதான் முக்கியமான வேலை. இதை விட்டுவிட்டு மற்ற எதைச் செய்தாலும் பலன் இல்லை.

இரண்டு நிறத்துக்கும் சாம்பிள் டப்பா வாங்குங்கள். சில கம்பெனிகள் 200 மில்லியில் தருகின்றன. சிவாஜிநகர், அல்சூர் பக்கத்துக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். கன்னடத்தில் கேட்க ஆசைப்பட்டால் நிறத்துக்கு அங்கே 'பண்ண' என்று பெயர், நம் 'வண்ணம்'தான் அது. கெட்டியான வெள்ளை போர்டு நான்கு வேண்டும். அவென்யூ ரோட்டில் ஸ்டேஷனரிக் கடைகளில் கிடைக்கும். ஒன்று குறைந்தது இரண்டடிக்கு ஒன்றரை அடி இருக்கட்டும். ஓரத்தில் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டு, நடுவில் ரோலரால் இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள். பின்பக்கம் நம்பரை எழுதுங்கள். ஒரு நிறத்துக்கு இரண்டு போர்டு.

நேராகச் சுவரில் ஏன் அடிக்கக் கூடாது என்று கேட்பீர்கள். பழைய நிறம் சுற்றிலும் இருந்து உங்கள் கண்ணை ஏமாற்றும். பச்சைச் சுவரின் நடுவில் ஒரு பட்டை பீஜ் அடித்தால் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் பாரிசில், கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் யூஜின் செவ்ரோலுக்கு இதே சிக்கல் வந்தது. கறுப்பு நூல் சரியாகக் கறுப்பாக இல்லை என்று புகார். அவர் ஆராய்ந்து பார்த்ததில் சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கறுப்பை மாற்றிக் காட்டியது. அவர் கண்டதை 1839இல் வெளியிட்டார். உங்கள் போர்டில் விட்ட அந்த வெள்ளை ஓரம் இந்தச் சிக்கலிலிருந்துதான் காப்பாற்றுகிறது.

போர்டைத் தரையில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். சுவர் நிற்கும் பொருள், அதனால் போர்டும் நிற்க வேண்டும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒன்று, ஆக இருட்டான மூலையில் ஒன்று. தரையோடு ஒட்டி வைத்து ஒரு முறை, கதவு நிலையோடு ஒட்டி ஒரு முறை. காலை, மதியம், ஐந்து மணி, பல்பு போட்ட பிறகு என்று நான்கு வேளை. மூன்று நாளாவது விடுங்கள், ஒரு நாள் மேகம் போட்டால் இன்னும் நல்லது. ஒரே நேரத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தால் கண் பழகிப்போய் வித்தியாசம் மங்கிவிடும். ஒரு நாள் ஒன்றை மட்டும் வையுங்கள். வெளியே போய்விட்டு உள்ளே வரும்போது முதல் இரண்டு நொடியில் என்ன தோன்றுகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் இரண்டாவது வீட்டுக்கு வந்த பெயின்டர், தர்மபுரிப் பக்கத்துக்காரர், எனக்கு இன்னொன்று காட்டிக் கொடுத்தார். ஒரே நிறத்தின் இரண்டு போர்டையும் புத்தகம் திறந்தது போல, பூசிய பக்கம் உள்ளே பார்க்க, மூலையில் நிறுத்தினார். "இப்ப பாருங்க சார், இதுதான் உங்க ரூமு" என்றார். நிறம் ஒரு படி அடர்த்தியாகிவிட்டது. சுவர்கள் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று வாங்கித் திருப்பி வீசுவதால் நான்கு சுவரும் ஒரே நிறமாக இருக்கும்போது சாயல் கூடும். கார்டில் "கொஞ்சம் மஞ்சளோ" என்று தோன்றுவது அறையில் நிச்சயம் மஞ்சள்தான். இரண்டுக்கும் இதைச் செய்து பாருங்கள். என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

இன்னும் முடிவாகவில்லை என்றால்

வெளிச்சம் திருப்பும் அளவு, எல்ஆர்வி என்று ஒரு எண் உண்டு. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. பல நிறங்களுக்கு இது கம்பெனி வலைத்தளத்தில் இருக்கும், இல்லையென்றால் கடையில் கேளுங்கள். ஒன்று 62, இன்னொன்று 68 என்றால் இருட்டான அறைக்கு 68. வெயில் கொட்டும் அறைக்கு 62 கண்ணுக்கு இதம்.

வீட்டில் இரண்டு பேர் இரண்டைச் சொன்னால், அந்த அறையில் பகலில் அதிக நேரம் இருப்பவர் சொல்வதை எடுங்கள். பெரும்பாலும் அது அம்மாவோ, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரோ. ஆறடி தள்ளி நின்று நான்கு வேளையும் பார்த்து இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். அங்கே நிறுத்திவிடுங்கள், மூன்றாவது கார்டைத் திறக்க வேண்டாம்.

மேட் (பளபளப்பு இல்லாதது), ஷீன் (லேசாகப் பளபளப்பது) என்ற பூச்சு வகை தனி விஷயம். பட்டி (பெயின்ட்டுக்கு முன் சுவரைச் சமமாக்கும் பூச்சு) சரியாகப் பார்க்காத சுவரின் மேடுபள்ளத்தை மேட் மறைக்கும். ஷீன் துடைக்கச் சுலபம், ஆனால் மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும். சாம்பிளை நீங்கள் அடிக்கப்போகும் வகையிலேயே வாங்குங்கள். ஒன்று மேட், ஒன்று ஷீன் என்று வைத்து நிறத்தை ஒப்பிடக் கூடாது.

வாங்கும்போதும் அடிக்கும்போதும்

10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி. கதவு, ஜன்னல் போக ஏறத்தாழ 400. இரண்டு கோட்டுக்கு ஒரு லிட்டர் எவ்வளவு சதுர அடி வரும் என்று டப்பாவில் போட்டிருக்கும். 100 வரும் என்று கணக்கு வைத்தால் 4 லிட்டர் போதும். பெரிய அறைக்கு இரண்டு மூன்று டப்பா வேண்டுமென்றால் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மிஷினில் வாங்கி, அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். இரண்டு டப்பாவுக்கு நடுவில் ஒரு சொட்டு கூடக்குறைய விழுந்திருந்தாலும் சுவரில் தெரியாது.

"ஒரு கம்பெனி நம்பரை இன்னொரு கம்பெனி பேஸில் போட்டுத் தர்றேன், அதே கலர்தான்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். பேஸும் சாயமும் வேறு என்பதால் நீங்கள் மூன்று நாள் பார்த்த நிறம் அப்படியே வராது. "இன்னும் கொஞ்சம் வெள்ளை சேர்த்துக்கலாம்" என்பதும் வேண்டாம். அடுத்த டப்பாவில் அதே அளவு யாராலும் சேர்க்க முடியாது.

டப்பாவைத் திறந்ததும் உங்கள் போர்டின் நடுவில் ஒரு விரல் அகலம் தடவிக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு போர்டோடு கலந்து மறைந்தால் சரியான நிறம். தனியாகத் தெரிந்தால் ரோலரை நிறுத்திவிட்டு கடைக்குப் போன் செய்யுங்கள். ஈரமாக இருக்கும்போது எமல்ஷன் பால் போல வெளுத்துத்தான் இருக்கும், காயக் காய அடர்த்தி ஏறும். முதல் கோட்டில் பழைய நிறம் எட்டிப்பார்ப்பதும் சகஜம். அதைப் பார்த்து நிறம் தப்பிவிட்டது என்று பதற வேண்டாம்.

வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்ட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் அளவு எடுத்து இறுக்கி மூடி வையுங்கள். காலண்டர் ஆணி பிடுங்கிய இடத்துக்கு அது வேண்டியிருக்கும். டப்பாவின் மேல் மிஷின் ஒட்டிய லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு, நிறத்தின் நம்பர், பூச்சு வகை, அடித்த தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி லாஃப்ட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.